எலி கடிக்காத எழுத்து: பென் டூலில் துல்லியமாகக் கோடு வரையப் பழகுவது

ஸ்டிக்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு படகுக்காரர் தன் பழைய படகின் ஓரத்தை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு வந்தார். 'அலைமகள்' என்று தூரிகையால் எழுதிய பெயர். எழுதிய ஓவியர் இப்போது இல்லை. திருகோணமலை டச் பே கரையில் நிற்கும் புதுப் படகுக்கும் அதே எழுத்துத்தான் வேண்டும், கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம் என்றார். நான் படத்தை உள்ளே போட்டு, தானாக ட்ரேஸ் எடுக்கும் வசதியை அழுத்தி, பத்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "என்ன தம்பி, எழுத்தை எலி கடிச்சுப்போட்டுதோ?"

அவர் போன பிறகு கோப்பைத் திறந்து பார்த்தேன். 'ல' என்ற ஒரே எழுத்தில் நூற்றுக்கு மேல் புள்ளிகள். படத்தில் இருந்த உப்புக்கறை, பெயின்ட் உரிந்த இடம், படகின் கீறல் எல்லாவற்றையும் மென்பொருள் எழுத்தின் ஓரமென்று நம்பியிருந்தது. அன்றிரவு அதே 'ல'வை, மென்பொருளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் பேனாவான பென் டூலால், நானே வரைந்தேன். இருபது புள்ளிக்குள் முடிந்தது. கோடும் வழுவழுப்பாக வந்தது.

புள்ளி குறையக் குறையக் கோடு அழகாகும். எந்த இடத்தில் புள்ளி வைப்பது, அதிலிருந்து கம்பி போல நீளும் ஹேண்டிலை எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் இழுப்பது என்பதுதான் பழக வேண்டிய வேலை. அதை நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

எந்த மென்பொருள்?

நான் இன்க்ஸ்கேப்பை வைத்துச் சொல்லப்போகிறேன். காரணம் எளிது: இலவசம், பழைய கணினியிலும் ஓடும், யூனிகோட் தமிழை உடைக்காமல் காட்டும். 2003இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. சேமிக்கும் கோப்பு எஸ்விஜி என்ற பொது வடிவம், ஆகவே நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் வேலை வீணாகாது. கோரல் ட்ரோவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வேலை செய்பவர்கள் பயப்பட வேண்டாம். மூன்றிலும் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது, விசைகள்தான் வேறு.

இன்க்ஸ்கேப்பில் வரையும் பேனாவுக்கு 'பெசியர்' என்பதன் ஆங்கில முதலெழுத்தை (B) அழுத்துங்கள். புள்ளிகளைத் திருத்தும் கருவிக்கு எஃப்2. முழுப் பொருளையும் பிடித்து நகர்த்த எஃப்1. இல்லஸ்ட்ரேட்டரில் பேனாவுக்கு 'பென்' என்பதன் ஆங்கில முதலெழுத்து (P), புள்ளி திருத்த 'ஏ'. கோரலில் புள்ளி திருத்தும் ஷேப் கருவிக்கு எஃப்10.

இன்னொன்று, மவுஸ் வாங்குங்கள். மடிக்கணினியின் டச்பேடில் பென் டூல் பழகியவர் யாரையும் நான் கண்டதில்லை. பழகப் போய் வெறுத்து விட்டவர்களைத்தான் கண்டிருக்கிறேன்.

வளைவு எப்படிப் பிறக்கிறது

இதை விளங்காமல் பேனாவைத் தொட்டால் ஒரு மாதம் இருட்டில் தடவ வேண்டிவரும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

திரையில் ஒரு வளைவுத் துண்டுக்கு நான்கு புள்ளிகள்தான். தொடங்கும் இடம், முடியும் இடம், இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு கம்பி போல நீளும் இரண்டு ஹேண்டில் நுனிகள். கோடு முதல் இரண்டையும் தொடும். ஹேண்டில் நுனிகளைத் தொடாது, அந்தப் பக்கம் சாய்ந்து மட்டும் போகும்.

என்ஜின் படகு ஓட்டியவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஹேண்டில் காட்டும் திசைதான் படகின் முகம். ஹேண்டிலின் நீளம்தான் வேகம். மெதுவாக வரும் படகு உடனே திரும்பிவிடும். வேகமாக வரும் படகு முகம் பார்த்த திசையிலேயே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்த்தான் திரும்பும். நீளமான ஹேண்டிலும் அப்படியே. இது வெறும் ஒப்புமை என்று நினைக்க வேண்டாம். கணக்கிலும் தொடக்கப் புள்ளியில் கோட்டின் வேகம் என்பது ஹேண்டிலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. அதனால்தான் பழைய கை வேலைக்காரர்கள் "வளைவின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு இழு" என்று சொல்கிறார்கள். முதல் இழுப்புக்கு அந்த அளவு எப்போதும் நல்ல தொடக்கம்.

இந்தக் கணக்கு காரில் பிறந்தது. பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தில் போல் டி காஸ்டல்ஜோ 1959இல் இதைக் கண்டுபிடித்தார், நிறுவனம் வெளியே விடவில்லை. 1960களில் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியர் தனியாக அதே இடத்துக்கு வந்து, வெளியே எழுதினார். ஆகவே பெயர் அவருக்குப் போனது. அதற்கு முன்னர் கப்பல் வரைபவர்கள் மெல்லிய மரச் சட்டத்தை வளைத்து, ஈயப் பாரம் வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுத்தார்கள். நல்ல சட்டத்துக்குப் பாரம் குறைவாக வைத்தால்தான் வளைவு ஓடும். கண்ட கண்ட இடத்தில் பாரம் வைத்தால் சட்டம் நெளியும். நம் புள்ளிகளும் அந்தப் பாரங்கள்தான்.

புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு ஒரு எச்சரிக்கை. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும். இங்கே கோடு புள்ளிக்கூடாகப் போகும். முதல் இரண்டு நாள் கை குழம்பும்.

மேசையைத் தயார் செய்தல்

கோப்பின் அளவை மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். பிறகு படத்தை உள்ளே கொண்டுவந்து, ஒளிபுகும் அளவைப் பாதியாகக் குறைத்து, அதை ஒரு தனி அடுக்கில் வைத்துப் பூட்டுங்கள். பூட்ட மறந்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் படம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வரையும் அடுக்கைப் படத்துக்கு மேலே வைத்து, உள் நிறத்தை இல்லாமல் ஆக்கி, ஓரக்கோட்டை மட்டும் மெல்லிய சிவப்பாக வையுங்கள். உள் நிறம் இருந்தால் வரைய வரைய அடியில் உள்ள படத்தை அதுவே மூடும். சிறு விஷயம்தான், ஆனால் கடைக்கு வேலை பழக வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கேதான் எரிச்சலாகி எழும்புகிறார்கள்.

படம் சரிவாக எடுக்கப்பட்டிருந்தால் முதலில் நேராக்குங்கள். படகின் பக்கவாட்டை நேர் எதிரே நின்று எடுத்த படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கரையில் மணலில் நின்று மேல்நோக்கி எடுத்த படத்தில் எழுத்தின் கீழ்ப்பகுதி பெருத்திருக்கும். அதன் மேல் எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் பிழையைத்தான் துல்லியமாக வரைவீர்கள்.

முதல் நாள்: ட, ப

ஆங்கிலப் பாடங்களில் நட்சத்திரமும் இதயமும் வரையச் சொல்வார்கள். நமக்கு அதைவிட நல்ல பயிற்சி அரிவரியிலேயே இருக்கிறது.

'ட'வைத் தடித்த எழுத்தாக வரையுங்கள். ஓரமாகச் சுற்றி வந்தால் ஆறு மூலைகள், ஆறு கிளிக். இழுக்காதீர்கள், கிளிக் மட்டும். கிளிக் செய்தால் மூலை, அழுத்திப் பிடித்து இழுத்தால் வளைவு. பென் டூலின் இலக்கணம் இவ்வளவுதான். கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் கோடு 15 பாகைப் படிகளில் மட்டும் நகரும், ஆகவே கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் தானாக நேராக வரும். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு ஷிஃப்ட், படி 45 பாகை. ஒரு புள்ளி தவறிப் போனால் பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள், கடைசிப் புள்ளி மட்டும் கழன்றுவிடும். முதல் புள்ளியின் மேலேயே கடைசிக் கிளிக்கைச் செய்து பாதையை மூடுங்கள்.

அடுத்து 'ப', எட்டு மூலை. இரண்டையும் பத்துத் தடவை வரையுங்கள். கண்ட்ரோலைப் பிடிக்கும் இடது கையும் மவுஸ் பிடிக்கும் வலது கையும் ஒன்றாக ஓடும்வரைக்கும் வளைவுக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் நாள்: வட்டம்

வட்டம் வரையத் தனிக் கருவி இருக்கிறதே, எதற்குப் பேனா? வட்டம்தான் உங்கள் கையைச் சோதிக்கும் தராசு, அதனால்.

100 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டக் கருவியால் ஒரு வட்டம் போட்டுப் பூட்டுங்கள். அதன் மேலே பேனாவால் வரையுங்கள். நான்கே புள்ளி: உச்சி, வலக் கோடி, அடி, இடக் கோடி. உச்சியில் அழுத்தி, கண்ட்ரோலோடு வலப்பக்கம் கிடையாக இழுங்கள். வலக் கோடியில் அழுத்திக் கீழ்நோக்கி. அடியில் இடப்பக்கம். இடக் கோடியில் மேல்நோக்கி. உச்சிக்கு வந்து மூடும்போதும் இழுத்து மூட வேண்டும்.

எவ்வளவு இழுப்பது? ஆரத்தின் 0.5523 பங்கு. இங்கே ஆரம் 50, ஆகவே 27.6 மில்லிமீட்டர். கால் வட்டத்தின் நீளத்தில் மூன்றிலொரு பங்கைவிட இது கொஞ்சம்தான் கூட. கைக்கணக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்று பாருங்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பெசியர் வளைவால் முழுச் சரியான வட்டம் வரைய முடியாது. ஆனால் அந்த அளவில் பிழை ஆரத்தின் 0.03 வீதத்துக்கும் கீழே. நம் 50 மில்லிமீட்டர் ஆர வட்டத்தில் 0.014 மில்லிமீட்டருக்கும் கீழே. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்கள் வாங்கும் பிஎல்டி கோப்பில் கத்தியை நகர்த்தக்கூடிய மிகச் சிறிய படியே 0.025 மில்லிமீட்டர்தான். கத்திக்குத் தெரியாத பிழை உங்கள் கண்ணுக்கும் தெரியாது.

இந்தப் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, புள்ளி உட்காரும் இடம். வளைவு எங்கே மிக மேலே, மிகக் கீழே, மிக இடத்தே, மிக வலத்தே போகிறதோ அங்கேதான் புள்ளி. அங்கே ஹேண்டில் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் இருக்கும், ஆகவே கண்ட்ரோலைப் பிடித்தபடியே முழு எழுத்தையும் வரைந்துவிடலாம். எழுத்துரு செய்பவர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் வைக்கிறார்கள். சரிந்து நிற்கும் ஹேண்டில் எவ்வளவு குறைவோ, பிறகு திருத்தும் வேலையும் அவ்வளவு குறைவு.

மூன்றாம் நாளிலிருந்து: நேரும் வளைவும் சேரும் இடம்

இனி 'ம'. இடப்பக்கம் நேர்க்கோடு, அடியிலும் நேர்க்கோடு, வலப்பக்கம் வளைந்து உள்ளே இறங்குகிறது. தமிழில் பாதி எழுத்துகள் இந்தச் சேர்க்கைதான். கை தெரியாதவரின் வேலை கண்டுபிடிக்கப்படுவதும் இங்கேதான்.

நேர்க்கோடு முடிந்து வளைவு தொடங்கும் புள்ளியில், ஹேண்டில் அந்த நேர்க்கோட்டின் நீட்சியாகவே இருக்க வேண்டும். ஒரு பாகை விலகினாலும் அந்த இடத்தில் சிறு முட்டு விழும். திரையில் தெரியாது. ஒன்றரை அடி உயர ஸ்டிக்கரில், வெயிலில், கட்டாயம் தெரியும். இன்க்ஸ்கேப்பில் அந்தப் புள்ளியைத் தெரிவு செய்து ஷிஃப்டோடு 'எஸ்' அழுத்தினால் அது வளைவுப் புள்ளியாகி, ஹேண்டில் நேர்க்கோட்டோடு தானாக ஒட்டிக்கொள்ளும். ஷிஃப்டோடு 'சி' அழுத்தினால் மூலைப் புள்ளி. இரண்டு ஹேண்டிலும் தனித்தனியாக ஆடும்.

வளைந்து வந்த கோடு சட்டென்று முறிந்து வேறு திசையில் போகும் இடங்களும் உண்டு. 'க'வின் இடுப்பு, 'ள'வின் உள்மடிப்பு. வரைந்துகொண்டிருக்கும்போதே ஷிஃப்டைப் பிடித்து இழுத்தால், வந்த பக்க ஹேண்டில் அப்படியே நிற்க, போகும் பக்க ஹேண்டில் மட்டும் திரும்பும். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு ஆல்ட். இந்த ஒரு அசைவு கைக்குப் பழகிவிட்டால் பென் டூல் வசப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அலைமகளின் 'ல'

இனி முழு எழுத்து. வரையத் தொடங்கும் முன் படத்தைப் பென்சிலோடு பாருங்கள். நான் இன்றும் படத்தை ஏ4 தாளில் அச்சடித்து, பேனா முனையால் புள்ளி வைக்கும் இடங்களைக் குறித்துவிட்டுத்தான் கணினியில் உட்காருவேன். ஐந்து நிமிடம் போகும், ஒரு மணித்தியாலம் மிஞ்சும்.

'ல' இடப்பக்கம் ஒரு சுழியில் தொடங்குகிறது. சுழி பெரிதாகி மேலேறி இறங்கி, அடியில் கிண்ணம் போல ஓடி, வலப்பக்கம் எழும்புகிறது. தூரிகை எழுத்தில் தடிப்பு ஒரே மாதிரி இராது: இறங்கும் இடத்தில் தடிப்பு, திரும்பும் இடத்தில் மெலிவு. ஆகவே வெளி ஓரத்தையும் உள் ஓரத்தையும் தனித்தனியாக வரைய வேண்டும். வெளி ஓரத்தில் உச்சிப் புள்ளி எங்கே இருக்கிறதோ, உள் ஓரத்தின் உச்சிப் புள்ளியும் ஏறக்குறைய அதற்கு நேர் எதிரே வரும். இரண்டு ஓரங்களும் இப்படி சோடி சோடியாகப் போனால் தடிப்பு சீராக ஏறி இறங்கும். தூரிகை திரும்பிய விதமும் அதில் தெரியும்.

முதல் சுற்றில் துல்லியத்தைத் தேடாதீர்கள். புள்ளிகள் சரியான இடத்தில், ஹேண்டில்கள் சரியான திசையில் இருந்தால் போதும், நீளம் எப்படியும் போகட்டும். ஒரே மூச்சில் சுற்றி வந்து மூடிவிடுங்கள். வரைந்துகொண்டே திருத்தப் போனால் ஓட்டம் அறுந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் எஃப்2. இப்போது நீளங்களைச் சரி பாருங்கள். ஒரு துண்டின் இரண்டு ஹேண்டில்களையும் மனதால் நீட்டினால் எங்கேயோ ஒரு இடத்தில் சந்திக்கும். எந்த ஹேண்டிலும் அந்தச் சந்திப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வளைவில் மூக்கு முளைக்கும். ஒரு ஹேண்டில் மிக நீளமாகவும் எதிர் ஹேண்டில் மொட்டையாகவும் இருந்தால் வளைவு ஒரு பக்கம் தட்டையாகி மறுபக்கம் இடறும். இரண்டும் ஓரளவு சமநிலையில் இருக்கட்டும்.

கோடு படத்தோடு ஒட்டவில்லை என்றால் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, இடையில் ஒரு புள்ளியைக் கூட்டுவது. கோட்டில் இரண்டு தடவை கிளிக் செய்தால் புள்ளி வந்துவிடும், அது மிக இலகுவாக இருப்பதுதான் ஆபத்து. முதலில் ஹேண்டிலை நீட்டிக் குறுக்கிப் பாருங்கள். பிறகு புள்ளியை அதன் கோட்டிலேயே நகர்த்திப் பாருங்கள். இரண்டும் சரிவராவிட்டால் மட்டும் கூட்டுங்கள். நான் எதிர்ப்பக்கமாகவும் சோதிப்பேன்: ஒரு புள்ளியை நீக்கிப் பார்ப்பேன். டிலீட் அழுத்தினால் இன்க்ஸ்கேப் இயன்றவரை உருவத்தைக் காப்பாற்றிக்கொண்டே புள்ளியை எடுக்கும். உருவம் மாறாவிட்டால் அந்தப் புள்ளி சும்மா இருந்தது என்றுதானே கணக்கு.

பாம்பு போல ஒரு பக்கம் வளைந்து மறுபக்கம் நெளியும் துண்டுகளைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. நெளிவின் நடுவில் ஒரு புள்ளி வேண்டும் என்பார்கள் சிலர். ஒரே துண்டில் ஹேண்டில்களை எதிர்ப்பக்கங்களுக்கு விட்டே முடிக்கலாம் என்பார்கள் மற்றவர்கள். மெதுவான நெளிவுக்குப் புள்ளி இல்லாமல், ஆழமான நெளிவுக்குப் புள்ளியோடு, இதுதான் என் வழக்கம்.

தடிப்பு ஒரே மாதிரி உள்ள எழுத்தானால் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. எழுத்தின் நடுக்கோட்டை மட்டும் வரைந்து, கோட்டின் தடிப்பைக் கூட்டி, முனைகளை உருட்டி, பிறகு கண்ட்ரோல், ஆல்ட், 'சி' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தடித்த கோடு உருவமாக மாறிவிடும். ஓட்டோக்களின் பின் கண்ணாடிப் பெயர்களுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். மாற்றிய பிறகு புள்ளிகள் கொஞ்சம் அதிகமாக வரும், களையெடுக்க மறக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றானவை

கோபுரம், வேல், தாமரை போன்றவற்றை முழுதாக வரைபவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். கோணேசர் கோயில் கோபுரத்தை எத்தனை நிதானமாக வரைந்தாலும் இடமும் வலமும் ஒன்றாக வராது. பாதியை மட்டும் வரையுங்கள். அச்சுக் கோட்டில் முடியும் புள்ளிகளின் எக்ஸ் அளவை மேலே உள்ள பெட்டியில் எழுதிச் சரியாக ஒரே எண்ணாக்குங்கள். பிறகு நகலெடுத்து 'ஹெச்' விசையால் இடம் வலமாகப் புரட்டி, ஒட்டவைத்து, இரண்டு பாதிகளையும் கண்ட்ரோலோடு 'கே' அழுத்தி ஒரே பாதையாக்கி, நடுவில் சந்திக்கும் புள்ளிகளைச் சோடியாகத் தெரிவு செய்து ஷிஃப்டோடு 'ஜே' அழுத்தி இணையுங்கள். வளைவின் உச்சி அச்சில் இருந்தால் அங்கே ஹேண்டில் கிடையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கூர் விழும்.

கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியும்

வரைந்து முடித்த உடனே வெட்டாதீர்கள். பக்கத்தில் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.

திரும்பி வந்ததும் கண்ட்ரோலோடு, விசைப்பலகையின் வலப்பக்க எண் பகுதியில் உள்ள 5ஐ அழுத்தினால் நிறங்கள் மறைந்து வெறும் கோடு மட்டும் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒளிந்திருக்கும் இரட்டைக் கோடுகள், மூடாத பாதைகள் எல்லாம் இங்கே அகப்படும். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்குக் கண்ட்ரோலோடு 'வை'. பிறகு படத்தை மறைத்து, எழுத்துக்குள் கறுப்பு நிரப்பி, தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். நேராக இருக்கும்போது நாம் 'ல'வை வாசித்துவிடுவோம். வாசித்தால் உருவம் தெரியாது. தலைகீழாகப் புரட்டினால் அது வெறும் உருவமாகி, முட்டும் தட்டையும் பல்லைக் காட்டும். கடைசியாக உண்மை அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். பெரிதானால் தாள்களை ஒட்டித்தான் பார்க்க வேண்டும், சோம்பல் வேண்டாம்.

வெட்டும் மெஷினுக்கு அனுப்பும் முன்

கத்தி, கோட்டின் தடிப்பைப் பார்க்காது. பாதை எங்கே போகிறதோ அங்கே வெட்டும். ஆகவே திரையில் தடிப்பாகத் தெரியும் கோடு உருவமாக மாற்றப்படாமல் போனால், மெஷின் நடுவில் ஒரே கீறலாகக் கீறிவிட்டு நிற்கும்.

அடுத்தது, ஒன்றோடொன்று ஏறி நிற்கும் உருவங்கள். 'லை'யின் கொம்பு 'ல'வைத் தொடுகிற இடத்தில் இரண்டு பாதைகள் குறுக்கிட்டால், திரையில் ஒரே கறுப்பாகத் தெரிந்தாலும் கத்தி இரண்டையும் வெட்டும். ஒட்டும்போது எழுத்து துண்டு துண்டாகக் கழன்று வரும். எல்லாவற்றையும் தெரிவு செய்து கண்ட்ரோலோடு கூட்டல் குறியை அழுத்தி ஒன்றாக்குங்கள். உள்ளே உள்ள ஓட்டைகள் அடைபட்டுப் போகவில்லையா என்று ஒருமுறை பாருங்கள்.

ஃபொண்டில் அடித்த எழுத்தாக இருந்தால் ஷிஃப்ட், கண்ட்ரோல், 'சி' அழுத்திப் பாதையாக்கிவிட்டு அனுப்புங்கள். கோரலில் கண்ட்ரோலோடு 'க்யூ'. நம் ஊர்களில் இன்னும் பாமினியில்தான் பாதி வேலை நடக்கிறது. அந்த ஃபொண்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். ஒரு கல்யாண பேனர் அப்படியே அச்சாகி வந்ததை நான் கண்ணால் கண்டேன். எந்தக் கடை என்று கேட்க வேண்டாம்.

கடைசியாகப் புள்ளிகள். 'ள்' மேலே உட்காரும் மெய்ப்புள்ளி தனித் துண்டு, ஒட்டும் பரப்புக் குறைவு. கடலில் ஓடும் படகில் முதலில் கழன்று போவது அதுதான். பெருவிரல் நகத்தைவிடச் சிறிதாக நான் விடுவதில்லை. கூர்மையான உள்மூலைகளையும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிடுவேன். கத்தியின் முனை திரும்ப இடம் கிடைக்கும், ஸ்டிக்கரின் நுனி சுருண்டு எழும்பாது.

பயிற்சிக்கு ஒரு மான்

எழுத்து கைக்கு வந்த பிறகு கோட்டைப் பக்கம் போங்கள். ஃப்ரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகி நிற்கின்றன, சில நாள் டவுனுக்குள்ளும் வரும். பக்கவாட்டில் ஒன்றைப் படமெடுத்து வந்து, நாற்பது புள்ளிக்குள் அதன் உருவத்தை வரைய முடியுமா என்று பாருங்கள். முதுகும் வயிறும் நீண்ட வளைவு, அங்கே புள்ளியை மிச்சம் பிடிக்கலாம். பின்னங்காலின் முழங்கால் மூலைப் புள்ளி. காதும் கழுத்தும் சேரும் இடத்தில் ஷிஃப்ட் இழுப்பு. கொம்புள்ள ஆண் மானைத் தெரிவு செய்தால் நாற்பது போதாது, அதை இரண்டாம் மாதத்துக்கு வையுங்கள். என் முதல் மான் நாய் மாதிரி வந்தது. அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை.

கோப்புகளைப் பற்றி ஒன்று சொல்லி விடுகிறேன். மெஷினுக்கு அனுப்பும் பிஎல்டி கோப்பில் வளைவெல்லாம் சின்னச் சின்ன நேர்க்கோடுகளாக நொறுங்கியிருக்கும், அதைத் திரும்பத் திருத்த முடியாது. ஆகவே எஸ்விஜி மூலத்தைப் பெயரும் திகதியும் போட்டுத் தனியாக வைத்திருங்கள். வாடைக்காற்று மாதங்களில் படகுகள் கரையேறி, பழுதுபார்த்து, பெயின்ட் அடித்து இறங்கும்போது அதே பெயர்கள் திரும்ப வரும். அலைமகளின் சொந்தக்காரரும் அப்படித்தான் அடுத்த வருடம் வந்தார். கோப்பைத் திறந்தேன், எழுத்தில் கைவைக்கத் தேவை வரவில்லை. 'ள்' புள்ளியை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கி வெட்டிக் கொடுத்தேன். முந்தின வருடத்துப் புள்ளி கடலோடு போயிருந்தது.